பெட்டி லைற் தேடித் தீவுக்குப் போனேன்

என் மனைவி என்னிடம் ஒரு காலைத் தந்து அனுப்பினாள்.

வெள்ளிக் கால். என் சுண்டுவிரல் அளவு. முழங்காலுக்குக் கீழே பாதம் வரை, ஐந்து விரலும் வைத்து நகைக்கடையில் செய்வித்தது. அதை மஞ்சள் துணியில் முடிந்து, நயினாதீவு அம்மனுக்குக் கொண்டுபோய்ப் போடும்படி சொன்னாள்.

கால் யாருடையது என்று சொல்லவேண்டும். நான் பரந்தனுக்கு அப்பால் ஒரு கிராமத்தில் உழவு இயந்திரம் ஓட்டுகிறவன். அதன் பின்னால் இழுவைப் பெட்டியைப் பூட்டி நெல், வைக்கோல், மணல் என்று எதுவும் ஏற்றுவேன். பெட்டி என்றுதான் நாங்கள் சொல்லுவோம். போன அறுவடையில், பொழுது படுகிற நேரம், நெல் மூட்டைகளோடு பெட்டியை வீதி ஓரம் நிற்பாட்டியிருந்தேன். மோட்டார் சைக்கிளில் வந்த ஒரு பெடியன் நேரே வந்து பின்பலகையில் மோதினான். உயிர் தப்பியது, கால் உடைந்தது. ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனேன். அவன் கோபிக்கவில்லை. "அண்ணை, எனக்குப் பெட்டி தெரியேல்லை" என்று மட்டும் சொன்னான். அவனுடைய தாயும் அதையே சொன்னாள். பொலிஸிலும் அதையே எழுதினார்கள்.

லைற் இல்லாமல் ஓடுகிறவன் என்று ஊரில் கதை பரவியது. அது பொய். பெட்டியில் லைற் இருந்தது. செத்துப்போய் இருந்தது. அதற்கு முன் பூட்டியதும் செத்தது, அதற்கு முந்தியதும் செத்தது. ஒன்று மழையில், ஒன்று தூசியில், ஒன்று எங்கள் வீதியின் குலுக்கலில்.

பெட்டியை விற்றுவிடுவோம் என்றாள் மனைவி. வட்டக்கச்சியிலிருந்து ஒருவர் வந்து, பெட்டியைச் சுற்றிப் பார்த்து, டயரை உதைத்து, தலையாட்டிவிட்டும் போனார். பெட்டி போனால் இயந்திரம் உழவு மாதங்களில் மட்டும் வேலை செய்யும். மிச்ச நாட்களில் கோழி ஏறி நிற்கும். நானும் அதன் பக்கத்தில் கதிரை போட்டு இருக்கவேண்டும். அது என்னால் ஏலாது. கடைசியில் மனைவியோடு ஒரு பேச்சுக்கு வந்தேன். தீவிலிருந்து திரும்பி வரும்போது சாகாத ஒரு லைற்றோடு வந்தால் பெட்டி எனக்கு. வெறுங்கையோடு வந்தால் வட்டக்கச்சிக்காரருக்கு.

ஏன் தீவு என்று மைத்துனர் கேட்டார். உப்புக் காற்றில் இரும்பே கரைகிற இடம் அது. அங்கே உயிரோடு இருக்கிற லைற் எங்கள் தூசியில் சாகாது. இதுதான் என் கணக்கு. ஐந்தாம் வகுப்புக் கணக்கு என்று அவர் சிரித்தார். சிரிக்கட்டும். நான் கடைக்காரர் பேச்சை நம்பி வாங்கிப் பார்த்துவிட்டேன். இனி உப்பின் பேச்சைக் கேட்கப் போகிறேன்.

யாழ்ப்பாணத்தைத் தாண்டி, இரண்டு பக்கமும் கடல் கிடக்க நடுவில் ஓடுகிற வீதியில் பஸ் ஏறியதும் முன் இருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் ஊரிலும் இப்படி நீரைப் பிரிக்கிற வீதி உண்டு, குளக்கட்டு. ஆனால் குளக்கட்டில் ஒரு பக்கம் தண்ணீர் என்றால் மறுபக்கம் வயல் இருக்கும். விழுந்தாலும் வயலுக்குள் விழலாம். இங்கே அந்த வசதி இல்லை.

அல்லைப்பிட்டி கழிந்து மண்கும்பானில் பஸ்ஸின் டயர் காற்றுப் போனது. எல்லாரும் இறங்கினோம். டிரைவர் கோபமாக, கண்டக்டர் பாட்டுப் பாடிக்கொண்டு, டயரைக் கழற்றினார்கள். காற்று என் உதட்டில் உப்பைப் பூசியது. பக்கத்தில் லான்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சில்லு உழவு இயந்திரம் ஒன்று தண்ணீர்த் தாங்கி ஏற்றி நின்றது. நான் மெதுவாகப் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். லைற் இருந்த இடத்தில் இரண்டு வயர் மட்டும் பச்சை பூத்துத் தொங்கியது. ஏன் என்று உரிமையாளரிடம் கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. முன்பின் தெரியாத ஆளிடம் வாய் திறப்பது எனக்குச் சிறுவயதிலிருந்தே பெரிய பாடு.

பஸ் திரும்பவும் ஓட, புங்குடுதீவில் வீடுகள் வந்தன. பெரிய பெரிய வீடுகள். பெரிய பெரிய பூட்டுகள். எனக்கு முன்னால் இருந்த இரண்டு பெண்கள் ஒரு வீட்டைக் காட்டிக் கதைத்தார்கள். "பூட்டு இஞ்ச, சாவி கனடாவில. கள்ளனுக்கு விசா கிடைச்சால்தான் திறக்கலாம்" என்றாள் ஒருத்தி. மற்றவள் சிரிக்கவில்லை. அது அவளுடைய தமையன் வீடு என்று பிறகு விளங்கியது.

நயினாதீவுக்குப் படகில் கொஞ்ச நேரம்தான். எனக்கு அது போதும். எஞ்சினுக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. இரைச்சலில் யாரும் என்னோடு கதைக்கமாட்டார்கள் என்பதால் அது நல்ல இடம். அன்று மடத்தில் படுத்து, அடுத்த நாள் காலைப் பூசைக்குப் போய் வெள்ளிக் காலை உண்டியலில் போட்டேன். அந்தப் பெடியன் திரும்பப் பந்து அடிக்கவேண்டும் என்று கேட்டேன். எனக்காக ஒன்றும் கேட்கவில்லை. லைற் விஷயத்தில் அம்மனை இழுப்பது சரியில்லை என்று பட்டது.

மதியம் அன்னதானம். பூசணிக்காய்க் கறி, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, ரசம். எங்கள் ஊர்ச் சோறு முத்துமுத்தாக நிற்கும். இது குழைந்து இலையோடு உறவாடியது. பசியில் இரண்டு முறை வாங்கினேன். பக்கத்தில் இருந்தவர் என்ன நேர்த்தி என்று கேட்டார். கால் போட்டேன் என்றேன். அவர் குனிந்து என் கால்களைப் பார்த்தார்.

"ரெண்டும் நல்லாத்தானே கிடக்கு" என்றார் ஏமாற்றத்தோடு.

இறங்குதுறைக்குப் பக்கத்தில் ஒரு கடை. ரோச் லைற்றுகள் வாழைக் குலை மாதிரிக் கட்டித் தொங்கின. நான் பார்த்துக்கொண்டு நின்றதே பிழை. கடைக்காரர் ஒன்றைக் கையில் எடுத்து என் முகத்தில் வெளிச்சம் அடித்தார். எதற்கு என்று கேட்க, உழவு இயந்திரப் பெட்டிக்கு என்றேன். பெட்டிக்கு என்றால் இதுதான் என்றார். பின்னால் காந்தம், எங்கேயும் ஒட்டும், யானை மிதித்தாலும் உடையாது என்றார். லைற் வந்த மட்டையில் இருந்த எழுத்து எனக்குத் தெரியாத எழுத்து. அவருக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன், தலைகீழாகப் பிடித்திருந்தார்.

என் பெட்டியின் பின்பலகை மரம். மரத்தில் காந்தம் ஒட்டாது. அதை விட்டேன். துணிந்து, உப்புத் தண்ணீருக்குள் ஒருதரம் போட்டுப் பார்க்கலாமோ என்று கேட்டேன்.

"நீர் லைற் வாங்க வந்தனீரோ, லைற்றுக்கு ஞானஸ்நானம் குடுக்க வந்தனீரோ?"

கடையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. செத்த மூன்று லைற்றையும் நான் இப்படித்தான் வாங்கினேன். கடைக்காரர் சத்தமாகக் கதைப்பார், நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள், அந்தப் பார்வையிலிருந்து தப்புவதற்காகக் காசைக் கொடுத்துவிட்டு ஓடுவேன். என் வெட்கத்தை விற்றே பல கடைகள் நடந்திருக்கின்றன. இந்தமுறை கையைச் சட்டைப் பையிலிருந்து வெளியே எடுத்தேன், வெறுங்கையாக.

"எனக்கு வேண்டாம்" என்றேன்.

அவ்வளவுதான். திரும்பி நடந்தேன். கடை வாசலில் தொங்கிய அவருடைய சொந்த லைற் எரியவில்லை என்பதைப் போகும்போது கவனித்தேன்.

அங்கிருந்து நேரே வீட்டுக்குத் திரும்பியிருக்கவேண்டும். மனைவியிடம் அப்படித்தான் சொல்லி வந்தேன். ஆனால் கை வெறுமையாக இருந்தது. நயினாதீவுப் படகில் திரும்பிக் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வர, அங்கே நெடுந்தீவுப் படகு நின்றது. அதற்கு மேலே போனால் உப்பு இன்னும் கூடும் என்று ஏறிவிட்டேன்.

அந்தக் கடலைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. எங்கள் வீதியின் குலுக்கலுக்குப் பழகிய உடம்பு என்று பெருமையாக இருந்தேன். கடல் குலுக்குவது மேலும் கீழும் மட்டும் இல்லை. அன்னதானத்துப் பூசணிக்காய் கடலுக்குப் போனது. எதிரில் இருந்த ஒரு அக்கா என் கையில் தேசிக்காய் ஒன்றைத் திணித்து, மணக்கச் சொல்லிவிட்டு, தன் கதையைத் தொடர்ந்தாள்.

நெடுந்தீவில் இறங்கியபோது வெயில் சாய்ந்துவிட்டது. இறங்குதுறையில் ஒரு உழவு இயந்திரம் பெட்டியோடு நின்றது. சனம் அரிசி, மண்ணெண்ணெய், கோழித்தீன் மூட்டைகளோடு அதில் ஏறியது. அங்கே பெட்டிதான் பஸ். நான் கடைசியாக ஏறினேன். எங்கே போனாலும் நான் கடைசியாகத்தான் ஏறுவேன். டிரைவர் இறங்கி வந்து, ஒரு பெரிய ரோச் லைற்றை என் கையில் தந்துவிட்டுப் போனார்.

ஏன் எனக்கு என்று விளங்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் விளக்கினார். அங்கே பெட்டியில் லைற் பூட்டுவதில்லை. கடைசியாக ஏறுகிறவர் லைற் பிடிக்கவேண்டும். அவர் இறங்கும்போது பக்கத்து ஆளிடம் கொடுக்கவேண்டும். கடைசி ஆள் டிரைவரிடம் கொடுக்கவேண்டும். அது அந்தப் பெட்டியின் வழக்கம். நான் பெருமையாக நெஞ்சை நிமிர்த்தி லைற்றைப் பின்னுக்குப் பிடித்தேன். வேறெப்படிப் பிடிப்பது? பின்னால் வருகிறவனுக்குத் தெரியவேண்டும் அல்லவா.

பெட்டி முழுக்கச் சிரித்தது.

"அண்ணை, பின்னால ஆரும் வரேல்லை. கடல்தான் வருது" என்றான் ஒருவன்.

அங்கே லைற் பக்கவாட்டில் பிடிக்கவேண்டுமாம். வீதிக்கு இரண்டு பக்கமும் கடற்கல்லை அடுக்கிக் கட்டிய வேலிகள். சீமெந்து இல்லை, கல்லின் மேல் கல். மாடோ குதிரையோ உரசினால் கல் உருண்டு வீதியில் கிடக்கும். அதில் பெட்டியின் சில்லு ஏறினால் எல்லாரும் வேலிக்குள். ஆகவே லைற் பிடிக்கிறவர் சில்லுக்கு முன்னால் வெளிச்சம் காட்டி, கல் கிடந்தால் சத்தம் போடவேண்டும். சத்தம் போடுவது! என்னிடம் வந்து சேர்ந்த வேலையைப் பாருங்கள். முதல் கல் வந்தபோது என் குரல் எனக்கே கேட்கவில்லை. சில்லு ஏறி, ஒரு கோழித்தீன் மூட்டை ஒருவர் மடியில் விழுந்தது. இரண்டாவது கல்லுக்கு, "கல்லு!" என்று கத்தினேன். பெட்டி நின்றது. யாரும் சிரிக்கவில்லை.

டிரைவரின் பெயர் குணம். தங்க இடம் இல்லை என்று அறிந்து தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். அவருடைய மனைவி குரக்கன் புட்டும் கணவாய்க் கறியும் தந்தா. எங்கள் குளத்து விரால் மீனில் உப்பு நாங்கள்தான் போடவேண்டும். கணவாய் தன் உப்பைத் தானே கொண்டு வந்திருந்தது. நல்ல தண்ணீர் அரிதான அந்த ஊரில், குடிக்கத் தந்ததை நான் மிச்சம் விட, அந்தக் கிண்ணத்தை அவ ஒரு மாதிரிப் பார்த்தா. வாய்க்கால் ஓடுகிற ஊர்க்காரன் என்று மன்னித்திருப்பா. உடனே எடுத்துக் குடித்துவிட்டேன்.

சாப்பாட்டுக்கு முதலே குணம் ரோச் லைற்றைத் துணியால் துடைத்து, குசினியில் அடுப்புக்கு மேலே தொங்கவிட்டதைக் கண்டேன். புகை படுகிற இடத்தில் உப்பு ஏறாதாம்.

"பெட்டியில பூட்டின லைற் கடலுக்குக் குடுத்த லைற். கழட்டி வைக்கிறதுதான் எங்களுக்கு மிச்சம். நீங்களும் கையில வைச்சிருங்கோ, அண்ணை" என்றார்.

நான் பொதுவாக, சொன்னவர் சொன்னதைச் சரி என்று கேட்டுக்கொள்கிறவன். ஆனால் இதை ஒத்துக்கொண்டால் என் பெட்டி போய்விடும்.

"எங்கட பெட்டியில ஆள் இருக்கிறேல்லை, குணம். நெல்லு மூட்டைதான் இருக்கும். மூட்டை லைற் பிடிக்குமோ?"

அவர் யோசித்தார். மூட்டை பிடிக்காது என்று ஒப்புக்கொண்டார். பூட்டியபடியே உப்புக்குள் கிடந்து உயிரோடு இருக்கிற லைற் இந்தத் தீவில் ஒன்றுமே இல்லையா என்று கேட்டேன். பெட்டிகளில் இல்லை என்றார். பிறகு மனைவியைப் பார்த்தார். அவ, "திரேசாக்காவின்ரை லைற்றுகள்?" என்றா.

"அது பெட்டி லைற் இல்லையெல்லோ" என்றார் குணம்.

"அவர் உப்பைத்தானே கேக்கிறார்" என்றா அவ.

விடியும்போது கரைக்குப் போனேன். வலைப் படகொன்று வந்து ஏறியிருந்தது. இன்னும் சரியாக வெளிக்கவில்லை. படகின் அடியில், மீனுக்குப் பக்கத்தில், ஒரு குவியல் சிவப்பு வெளிச்சம் மின்னி மின்னி அணைந்தது. ஒவ்வொன்றும் தன் தன் பாட்டில். நான் அப்படியே நின்றுவிட்டேன். கிழக்கு வெளிக்க வெளிக்க, யாரும் தொடாமலே, ஒவ்வொன்றாக மின்னுவதை நிறுத்தின.

ஆண் சட்டை போட்ட ஒரு பெண் அவற்றை அள்ளி ஒரு பேசினுக்குள் போட்டா. என் வயதுதான் இருக்கும். பேசினில் இருந்தது அரிசி கழுவின தண்ணீர். நல்ல தண்ணீரை லைற்றுக்கு ஊற்ற அங்கே யாருக்கும் மனம் வராது. உப்புப் போக அதில் அலசி, ஒவ்வொன்றாகத் துடைத்துக் கல்லின் மேல் அடுக்கினா. நிமிராமலே சொன்னா:

"மீன் வேணுமெண்டால் அங்கால. இஞ்ச லைற்தான்."

"லைற்தான் வேணும், அக்கா."

அப்போதுதான் நிமிர்ந்தா. திரேசாக்கா. கரையில் வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்த கணவரைப் பார்த்து, ஒருத்தர் லைற் பிடிக்கக் கடலுக்கு வந்திருக்கிறார் என்று சத்தமாகச் சொன்னா. நான் தலை குனிந்தபடியே பெட்டிக் கதையைச் சொன்னேன். காலையும் சொன்னேன். வட்டக்கச்சிக்காரரையும் சொன்னேன். ஒரு நாளில் நான் அவ்வளவு கதைத்ததில்லை.

அது வலை லைற். வலையின் நுனியில் மிதப்போடு கட்டிக் கடலில் விடுவார்கள். ஒரு சாண் நீளம், தடித்த பிளாஸ்டிக், அடியில் ஒரு பற்றறி, றப்பர் வளையம் போட்ட மூடி. இருட்டினால் தானாக மின்னும், வெளிச்சம் பட்டால் தானாக நிற்கும். இரவு முழுக்க உப்புக்குள் கிடக்கும். அலை தூக்கி அடிக்கும், படகுக்குள் எறிவார்கள். தூசி ஒன்றுதான் அது காணாதது. நான் கேட்ட எல்லாமும் அதற்கு நடந்திருந்தது.

இவ்வளவு நாளும் எதைத் தேடினேன் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. கடைக்காரர் எல்லாரும் எனக்கு வழி தெரிவதற்கு லைற் விற்றார்கள். வழி எனக்குத் தெரியும். மூட்டை ஏற்ற வெளிச்சம் வேண்டுமென்றால் கையில் ரோச் இருக்கிறது. என் பெட்டிக்கு வேண்டியது என்னைப் பிறர் பார்ப்பதற்கு ஒரு லைற். அதை நான் இவ்வளவு காலம் தேடாததில் அதிசயமில்லை. பிறர் பார்க்கக்கூடாது என்றே ஒதுங்கி நடந்தவன் நான்.

"பெரிய இழுவைப் படகுகள் இதைப் பாத்து விலத்துமோ?" என்று கேட்டேன்.

திரேசாக்கா லைற்றைத் துடைப்பதை நிறுத்தினா. "விலத்துறவை விலத்துவினம். இழுத்து அறுக்கிறவை லைற் இருந்தாலும் அறுப்பினம். போன மாசமும் பாதி வலை போயிட்டுது."

"அப்ப என்னத்துக்கு லைற்?"

"லைற் இல்லாட்டி, தெரியேல்லை எண்டு சொல்லுவினம். அறுத்தால் அறுக்கட்டும். தெரியேல்லை எண்டு மட்டும் சொல்ல விடமாட்டன்."

அதைச் சொல்லிவிட்டுத் திரும்பவும் துடைக்கத் தொடங்கினா. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அந்தப் பெடியன் சொன்ன அதே சொல். அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் என்னை இவ்வளவு நாளும் குடைந்தது.

பையிலிருந்து சுற்றுப் பிரிக்காத புது லைற் ஒன்றை எடுத்து நீட்டினா. வேண்டாம் என்றேன். குவியலில் எது அதிக காலம் கடலில் கிடந்தது என்று கேட்டேன்.

"பழசோ? உமக்கு விசரோ? புதுசு தாறன் எண்டுறன்."

"புதுசு என்ன செய்யுமெண்டு எனக்குத் தெரியாது, அக்கா. பழசு செய்து காட்டியிருக்கு."

கணவர் வலையை விட்டு எழும்பி வந்தார். ஒன்றை எடுத்தா திரேசாக்கா. சிவப்பு மங்கிப்போயிருந்தது. சிப்பி ஒட்டிச் சுரண்டிய தழும்புகள். கயிறு கட்டுகிற துளை தேய்ந்திருந்தது. வீட்டில் அதற்குப் பெயர் கிழவன். மற்ற லைற்றுகள் எல்லாம் போய் வேறு வந்தும், கிழவன் மட்டும் போகவில்லையாம்.

"கிழவனைக் குடுத்தால் வலை அழும்" என்றார் கணவர்.

"அழட்டும். கிழவன் ஒருக்காத் தரையைப் பாக்கட்டும்" என்றா அவ.

புதிய பற்றறி போட்டு, றப்பர் வளையத்துக்குத் தேங்காய் எண்ணெய் தடவி, மூடியை இறுக்கி, விளிம்பைச் சுற்றிக் கோயில் மெழுகுதிரியை உருக்கி ஊற்றினா. பற்றறி தீரும்வரை மூடியைத் திறக்கக்கூடாது என்றா. திறந்து திறந்து பார்க்கிறவனின் லைற்தான் சாகும் என்றா. நான் புதியதின் விலையைக் கொடுத்தேன். பழசுக்குப் புது விலை கொடுத்த ஆளைக் கரை முழுக்க வந்து பார்த்தது. பார்க்கட்டும் என்று நின்றேன்.

பிற்பகல் படகில்தான் பிரச்சினை வந்தது. கிழவனை என் துணிப் பைக்குள் வைத்திருந்தேன். பைக்குள் இருட்டு. ஆகவே கிழவன் தன் வேலையைத் தொடங்கிவிட்டார். துணிக்கு உள்ளிருந்து சிவப்பாக ஒரு மின்னல், இருட்டு, திரும்பவும் மின்னல். பிள்ளையோடு எதிரில் இருந்த பெண் தள்ளி இருந்தாள். பிறகு இன்னொருவர் தள்ளி இருந்தார். போரைக் கண்ட எங்கள் வயதுக்காரருக்கு, பைக்குள் மின்னுகிற சாமான் என்றால் என்ன ஞாபகம் வரும் என்று நான் சொல்லத் தேவையில்லை. படகில் எனக்குத் தாராளமாக இடம் கிடைத்தது.

குறிகட்டுவானில் இறங்கும்போது கடற்படைப் பெடியன் ஒருவன் மறித்தான். பைக்குள் என்ன என்று சிங்களத்தில் கேட்டான். எனக்குச் சிங்களம் அரைகுறை. எனக்குப் பின்னால் வந்த ஒரு ரீச்சர் தமிழில் சொன்னா. கிழவனை வெளியே எடுத்தேன். வெயில் பட்டதும் மின்னுவது நின்றது. எப்படி நிற்பாட்டினாய் என்று கேட்டான். தானாக நிற்கும் என்றேன். மூடியைத் திற என்றான்.

இறங்குதுறை முழுக்க எங்களைப் பார்த்தது. அந்தச் சீருடைக்கு முன்னால் ஒரு காலத்தில் நான் வாய் திறந்ததில்லை. கேட்டதெல்லாம் திறந்து காட்டியிருக்கிறேன், பையை, சட்டையை, வீட்டை. மெழுகு வெடிக்காமல் இருந்த அந்த விளிம்பைப் பார்த்தேன்.

"திறக்கமாட்டன்" என்றேன். "திறந்தால் செத்துப்போடும். நீங்களே கையில வாங்கிப் பாருங்கோ."

ரீச்சர் அதைக் கொஞ்சம் மரியாதை கூட்டிச் சொல்லியிருப்பா என்று நினைக்கிறேன். அவன் லைற்றை வாங்கினான். குலுக்கினான். தழும்பைத் தடவினான். பிறகு தன் தொப்பியைக் கழற்றி அதற்குள் வைத்து, முகத்தை உள்ளே விட்டுப் பார்த்தான். தொப்பிக்குள் சிவப்பு மின்னியது. வெளியே எடுத்தான், நின்றது. திரும்பவும் உள்ளே வைத்தான்.

நீ மீனவனா என்றான். வயல் செய்கிற கமக்காரன் என்றேன். கமக்காரனுக்கு வலை லைற் எதற்கு என்றான். பெட்டிக்கு, பின்னால் வருகிறவனுக்குத் தெரிய என்று கையாலும் காட்டிச் சொன்னேன். அதை மொழிபெயர்க்க முதலே அவனுக்கு விளங்கியது. ஊர் பொலன்னறுவையாம். அப்பாவின் பெட்டியிலும் லைற் நிற்பதில்லையாம். எங்கே வாங்கினேன் என்று கேட்டான். நெடுந்தீவுக் கரையில் திரேசாக்காவைக் கேட்கும்படி சொன்னேன். பழையதாகப் பார்த்து வாங்கச் சொன்னேன். ரீச்சர் சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தா.

அதற்குப் பிறகு கிழவனைப் பைக்குள் வைக்கவில்லை. கையிலேயே கொண்டுவந்தேன்.

நயினாதீவுப் படகுக்குக் காத்து பஸ் பிந்தித்தான் வெளிக்கிட்டது. பின் கண்ணாடியோடு ஒட்டிய கடைசி இருக்கையில் இருந்தேன். வேலணை தாண்டும்போது பொழுது பட்டது. மடியில் கிழவன் ஒருதரம் மின்னினார். பிறகு விடாமல் மின்னத் தொடங்கினார். பஸ் முழுக்கச் சிவப்பாகி, இருட்டாகி, சிவப்பாகியது. முன் இருக்கைத் தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. கண்டக்டர் வந்து, "அண்ணை, உந்த லைற்றை நிப்பாட்டேலாதோ?" என்று கேட்டான்.

"ஏலாது" என்றேன்.

துவாயை எடுத்து மூடலாம் என்று கை போனது. கையைத் திருப்பி எடுத்தேன்.

அப்போது மனைவியின் அழைப்பு வந்தது. காலைப் போட்டீர்களா என்று கேட்டாள். போட்டாயிற்று என்றேன். பெடியன் ஊன்றுகோலோடு முற்றத்துக்கு வந்துவிட்டானாம், தாய் சொன்னாளாம். பிறகு குரலைத் தணித்து, வட்டக்கச்சிக்காரர் காசோடு வருகிறேன் என்று செய்தி அனுப்பியிருப்பதாகச் சொன்னாள்.

"அவரை வரவேண்டாமெண்டு சொல்லு."

"லைற் கிடைச்சதோ? புதுசோ?"

"பழசு."

"இஞ்சாருங்கோ, உங்களுக்கு என்ன நடந்தது?" என்றாள். வந்து சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

கடலுக்கு நடுவே ஓடுகிற வீதியில் பஸ் ஏறியது. பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் நெருங்கி வந்தது. பஸ்ஸின் பின் லைற் எரிகிறதோ இல்லையோ எனக்குத் தெரியாது. பெரும்பாலும் எரியாது. நான் கிழவனைத் தூக்கிப் பின் கண்ணாடியில் வைத்துப் பிடித்தேன். மோட்டார் சைக்கிள் வேகம் குறைந்து, வலப்பக்கம் அகன்று, எங்களைச் சுற்றிக்கொண்டு முன்னேறியது. கடந்துபோகும்போது ஓட்டியவன் தலையைத் திருப்பி, கண்ணாடிக்குள் இருந்த என் முகத்தை நேரே பார்த்தான்.

நானும் அவனைப் பார்த்தேன். கண்ணை எடுக்கவில்லை.